பொது மைதானம் யாருக்குப் பொது?

தமிழில் ஒரு காரியத்தின் எடையைக் குறைத்துவிட வேண்டுமானால் ‘விளையாட்டு’ என்னும் சொல்லை அதன் பக்கத்தில் வைத்தாற் போதும். ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது கருத்து. ‘விளையாட்டுப் புத்தி’ என்றால் பொறுப்பில்லாத தன்மை. பாடசாலை நேரசூசியிலும் இதே கதைதான். பரீட்சை நெருங்கும்போது முதலிற் பறிபோகும் பாடவேளை எதுவென்று ஆசிரியராய் உள்ள நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நமது மொழியின் ஆதி இலக்கணம் இவ்விடயத்தில் நம்மைவிடத் தாராள மனம் கொண்டதாயிருந்தது. உவகை என்னும் மெய்ப்பாடு எவற்றை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கும் என்று வகுக்கப் புகுந்த தொல்காப்பியர், செல்வம், அறிவு, காதற்கூட்டம் ஆகிய மூன்றோடும் நான்காவதாக விளையாட்டை வைத்தார். செல்வத்தையும் கல்வியையும் எல்லோருக்கும் பங்கிடுவது பற்றி நாம் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். இந்த நான்காவதைப் பங்கிடுவது பற்றி எழுதியவை மிகச் சில.

அதைப் பங்கிடும் பொறுப்பு யாருடையது? குடும்பத்தினுடையதா, பாடசாலையினுடையதா, பணம் படைத்த கழகங்களினுடையதா? நாம் வாழும் கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் இக்கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு விடையை எழுதிவைத்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றோடு மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணி வளர்ப்பதைச் சபையின் கடமையாக விதிக்கிறது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 1991இல் நமது அரசு ஏற்று உறுதிசெய்தது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்று கூறுகிறது. ஆகவே ஒரு கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் போடுவதும் மைதானம் அமைப்பதும் ஒரே கடமையின் இரு கிளைகளே. ஆனால் நடைமுறையில் குழாய் கடமையாகவும் மைதானம் தர்மமாகவும் கருதப்படுகின்றன. தர்மம் கொடுப்பவன் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைத் தானே தீர்மானிப்பான். வாங்குபவன் கணக்குக் கேட்க முடியாது. மைதானம் பற்றிய நமது தார்மீகப் பிரச்சினை இந்த இடத்திலேதான் பிறக்கிறது.

நகரிலிருந்து தொடங்குவோம். கண்டி ஒரு மலைக்கிண்ணத்துக்குள் அமைந்த நகரம். சமதரை இங்கே தங்கம். அத்தங்கத்தில் மக்கள் சொத்தாக இருக்கும் மிகப் பெரிய துண்டு மாநகர சபையின் போகம்பறை மைதானம். அந்தத் தாழ்நிலப் பகுதியிலே ஒருகாலத்தில் போகம்பறைக் குளம் இருந்தது. 1814ஆம் ஆண்டில் எகலப்பொலை குமாரிஹாமியை அரசனின் ஆணைப்படி மூழ்கடித்த குளம் அது. பின்னர் வந்த வெள்ளை ஆட்சி குளத்தை நிரவியது. 1876இல் அவ்விடத்தை அடுத்து ஒரு பெருஞ் சிறைச்சாலையை எழுப்பியது. அச்சிறை 2014இல் மூடப்படும்வரை அதன் மதிலுக்கு உள்ளே ஒரு கூட்டம் மனிதர் அடைபட்டுக் கிடக்க, மதிலுக்கு வெளியே மைதானத்தில் இன்னொரு கூட்டம் பந்தை உதைத்துக்கொண்டிருந்தது. மனித உடலின்மீது முடியாட்சியும் அந்நிய ஆட்சியும் செலுத்திய அதிகாரத்தின் அடையாளங்களுக்கு நடுவே, உடலை அதன் சொந்தக்காரனிடமே திருப்பிக் கொடுக்கும் ஓர் இடத்தை ஒரு நகரசபை வைத்திருப்பது சாமானியமான காரியமல்ல. கண்டி மாநகர சபை 1865இல் அமைந்தது. அதன் நீண்ட வரலாற்றில் நாம் மனமாரப் பாராட்டக்கூடியவற்றுள் இம்மைதானத்தை இன்றுவரை விற்காமல் வைத்திருப்பதும் ஒன்று. வாவியைச் சுற்றிய நடைபாதையையும் இக்கணக்கிற் சேர்க்கலாம். விடியற்காலையில் அதில் நடப்போருள் நீதிமன்ற உத்தியோகத்தரும் இருக்கிறார், சந்தையில் மூட்டை தூக்குபவரும் இருக்கிறார். கட்டணமில்லாத இடத்தில்தான் இந்தக் கலப்பு நிகழும்.

எனினும் ‘மக்கள் சொத்து’ என்று எழுதியவுடன் எந்த மக்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நகரின் மஹியாவைப் பகுதியிலே மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளரும் அவர்தம் குடும்பங்களும் வாழ்கிறார்கள். நகரைக் கூட்டவும் கழிவு அகற்றவும் ஆங்கிலேயர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தமிழ்த் தொழிலாளரின் சந்ததியினர் அவர்களிற் பெரும்பாலோர். விழா முடிந்த மறுநாட் காலையில் போகம்பறையின் குப்பையை வாரும் கைகள் அவர்களுடையவை. நெருங்கிய அறைகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் உள்ள அக்குடியிருப்பிலே, பந்து ஒன்று உருண்டால் அது யாருடைய வாசலிலாவது போய் நிற்கும். பிள்ளைகள் விளையாடுவதும் பெரியவர்கள் அதட்டுவதும் ஒரே நாலடி அகலத்தில் நடக்கின்றன. போகம்பறை தூரத்தில் இல்லை; நடந்தே போகலாம். ஆனால் தூரம் என்பது காலால் மட்டும் அளக்கப்படுவதில்லையே! வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன் முகவரியை எழுதத் தயங்கும் ஓர் இளைஞன், கழகப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் மேசைக்கு முன்னாலும் அதே தயக்கத்துடனேயே நிற்கிறான். அந்த மேசையில் சாதி கேட்கப்படுவதில்லை என்பது உண்மை. எந்தப் பாடசாலை, எந்த இடம் என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்வியில் விடை கிடைத்துவிடுகிறது. பூட்டில்லாத கதவும் மூடியே இருக்கக்கூடும் என்பதை நமது சபைகள் உணர வேண்டும்.

நகரை விட்டு மலையேறினால் கதவே இல்லை.

கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் வரலாறு லூல்கந்துரையில் 1867இல் பத்தொன்பது ஏக்கரிலே ஆரம்பமாயிற்று. அன்றிலிருந்து மலைநாட்டுச் சமதரைக்கு ஒரே ஓர் எசமான்தான்: தேயிலை. லயம் சரிவில் நின்றது, கோயில் சரிவில் நின்றது, பாடசாலையும் கிடைத்த மேட்டில் ஒட்டிக்கொண்டது. காமன் கூத்து ஆடுவதற்காக மக்கள் தாமாகவே பேணி வைத்த காமன் பொட்டல் போன்ற சில வெளிகளே பல தோட்டங்களில் மைதானமாகவும் பயன்பட்டன. அதே காலத்தில் வெள்ளைத் துரைமாருக்கு விளையாட்டு ஒரு நித்திய கருமம். கண்டி விளையாட்டுக் கழகத்தின் வரலாறு 1874இலே தொடங்குகிறது. திரித்துவக் கல்லூரிக்காக அஸ்கிரியவில் ஒரு குன்றையே வெட்டிச் சமப்படுத்தி 1915இல் மைதானம் திறந்தார்கள். 1983இல் அங்கே டெஸ்ட் போட்டியும் நடந்தது. மலையை வெட்டி மைதானம் ஆக்க முடியாது என்று யாராவது நம்மிடம் சொன்னால் அஸ்கிரியவைக் காட்டுவோம். வெட்ட முடியும், யாருக்காக வெட்டுவது என்பதுதான் விவகாரம்.

தோட்டத்துக்குள் உள்ளூராட்சி ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு சட்டக் காரணம் இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதை விவரமாக அறிந்துவைத்திருப்பது நல்லது. நாம் மேலே புகழ்ந்த அதே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்காகச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குப் பெருந்தடையாக நின்றது. தோட்டம் தனியார் நிலம். அங்கே வாழ்வோரின் தேவைகளை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய காலனித்துவ எண்ணமே அப்பிரிவின் உயிர். 1948இல் பிரஜாவுரிமையை இழந்து, பல பத்தாண்டுகள் போராடி அதை மீண்டும் பெற்ற மக்கள், பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். தாம் தெரிவுசெய்த உறுப்பினர் தம் லயத்துக்கு முன்னால் ஒரு பாதை போடவும் வழியில்லாமல் நின்றதைக் கண்டார்கள். வாக்கு லயத்திலிருந்து சபைக்குப் போகலாம், பணம் சபையிலிருந்து லயத்துக்கு வரலாகாது! முப்பத்தொரு வருடங்களுக்குப் பின், 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. திருத்தத்தின் பயனைச் சபைகள் அனுபவப்படுத்தத் தொடங்குவதற்குள் கொள்ளைநோய் வந்தது, பொருளாதார வீழ்ச்சி வந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போடப்பட்டு, 2025 மே மாதத்தில் நடந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினர். இப்போது சபைகள் மீண்டும் கூடியிருக்கின்றன. சட்டம் தடுக்கிறது என்ற பழைய பதிலை இனி எவரும் சொல்ல முடியாது.

அப்படியானால் வேறு பதில்கள் வரும். அவற்றுள் ஒன்று நாம் மிகப் பலரிடம், படித்தவர்களிடமும் கேட்டது. “விடிந்தால் மலை ஏறி இறங்குகிற சனத்துக்கு விளையாட்டு எதற்கு? உடம்புக்குத்தான் போதிய வேலை இருக்கிறதே!” மருத்துவ நோக்கில் மட்டும் பார்த்தால் இதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். உடல் அசைவின்மை உலகெங்கும் நோய் விளைக்கிறது என்கிறார்கள். பதினொன்று முதல் பதினேழு வயதுவரை உள்ள மாணவரில் நூற்றுக்கு 81 பேர் போதிய அசைவின்றி வாழ்வதாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வாளர் 2019இல் கணக்குச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. கொழுந்துக் கூடையுடன் சரிவில் நிற்கும் பெண்ணுக்கு அசைவு போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார். ஆனால் இவ்வாதம் மனித உடலை ஓர் இயந்திரமாக எண்ணுகிறது. ஓடிய மணிகளைக் கூட்டிப் பார்த்து, போதும் என்கிறது. உழைப்பிலே அவளுடைய கை அசைவது நிறைக்காக. எத்தனை கிலோ என்பதை வேறொருவர் தராசில் பார்த்து எழுதுகிறார். விளையாட்டிலே கை அசைவது அந்த அசைவின் இன்பத்துக்காகவே. எவ்வளவு தூரம் எறிவது, எப்போது நிறுத்துவது, தோற்றால் சிரிப்பதா கோபிப்பதா என்பதெல்லாம் அவளுடைய தீர்மானம். நாள் முழுதும் பிறருக்காக அசைந்த உடலுக்கே தனக்காக அசையும் ஒரு மணிநேரம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு விளையாட்டு மருந்தாகலாம்; தோட்டத் தொழிலாளிக்கு அது சுயாதீனம்.

நமது சொந்த முகாமிலிருந்தும் ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. விளையாட்டு வர்க்க உணர்வை மழுங்கடிக்கும் மது, மைதானத்தில் கத்துகிறவன் சங்கத்தில் கத்தமாட்டான் என்பது அந்த ஆட்சேபம். நகருக்குக் கிழக்கே பல்லேகலையில் உள்ள சர்வதேசக் கிரிக்கெட் அரங்கத்தையும், அங்கே இரவைப் பகலாக்கும் விளக்குகளையும், விளம்பரப் பலகைகளையும் பார்க்கும்போது நமக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் பார்த்தல். விளையாடுதல் வேறு. முப்பதாயிரம் பேர் அமர்ந்து பதினொருவரைப் பார்ப்பது ஒரு வியாபாரமாக இருக்கலாம். பதினொருவர் சேர்ந்து ஆடும்போதோ, விதியை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், பந்தைப் பகிர வேண்டும், துரையின் மகனானாலும் ஆட்டமிழந்தால் வெளியேற வேண்டும். திரினிடாட் தீவின் மார்க்ஸியர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நிறவெறியும் அடிமை நாட்டின் அரசியலும் ஆடுகளத்தில் எவ்வாறு மோதின என்பதை அதில் ஆராய்ந்தார். இடதுசாரி வாசகர் அந்நூலைத் தேடிப் படிக்க வேண்டும்.

முத்தையா முரளிதரனை உதாரணம் காட்டுவோரும் உண்டு. மலையகத் தமிழ் வழியில் வந்த ஒருவர் 800 டெஸ்ட் விக்கெட்டுக்கள் வீழ்த்தவில்லையா, திறமை இருந்தால் எந்தத் தடையையும் தாண்டலாம் என்பார்கள். அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் முரளிதரன் கண்டியில் ஒரு தொழிலதிபரின் மகனாகப் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிலே படித்தவர். அவருக்கு மைதானம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், பிற்பகல் இருந்தது. அவருடைய வாழ்வு காட்டுவது இதைத்தான்: இம்மூன்றும் கிடைத்தால் நம்மவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதை. கிடைக்காத லயங்களில் எத்தனை விரல்கள் பந்தைத் தொடாமலே கொழுந்துக்குப் பழகிப்போயின என்பதற்குப் புள்ளிவிபரப் புத்தகம் எதுவும் இல்லை. அன்றியும், முரளிதரன் ஆகப்போகாத பிள்ளைக்கும் விளையாட உரிமை உண்டு. விருது வாங்கினால்தான் விளையாட்டுக்கு நியாயம் என்பது சந்தையின் கணக்கு.

பிற்பகல் என்று சொன்னோம். இவ்விடயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது நேரம்தான். இங்கிலாந்தின் நெசவாலைகளிலே, 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்று விதித்தது. அந்த அரைநாள் ஓய்வு பின்னர் ஆண்களுக்கும் பரவிற்று. உதைபந்தாட்டம் தொழிலாளரின் ஆட்டமாக வளர்ந்ததும், போட்டிகள் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்குவது வழக்கமானதும் அதன் பின்னரேதான். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று கேட்டவர்களின் இரத்தம் 1886இல் சிக்காகோவில் சிந்தியது. அந்த நடு எட்டு மணிக்குள்ளேதான் விளையாட்டு இருக்கிறது. இந்த அளவுகோலை நமது மலைகளில் ஒரு பெண்ணின் நாளுக்கு வைத்துப் பாருங்கள். நாலரை, ஐந்து மணிக்குக் கொழுந்து நிறுத்து முடிந்து அவள் லயத்துக்குத் திரும்பும்போது, அடுப்பும் தண்ணீரும் துணியும் காத்திருக்கின்றன. அவளுடைய மகள் பாடசாலையிலிருந்து வந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். மகன் பொட்டலுக்குப் போய்விட்டான். நாம் கற்பிக்கும் வகுப்புக்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலே முதலாவதாக ஓடிவரும் பெண் பிள்ளைகள், பதினைந்து வயதானதும் “வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், சேர்” என்று விலகிக்கொள்வதை வருடந்தோறும் காண்கிறோம். அவர்களுக்குக் கால் இருக்கிறது. நேரமும் அனுமதியும் இல்லை. லயத்துக்கு அருகே குடிநீர்க் குழாயும் சிறுவர் பராமரிப்பு நிலையமும் ஒழுங்காக இயங்கினால், மைதானத்தில் பெண்களின் தொகை தானே கூடும். விளையாட்டுத் துறைக்கான செலவாக எந்தச் சபையும் இதை எழுதுவதில்லை.

கடைசி ஆட்சேபம் மிகவும் கனமானது. அதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தன. பலர் உயிரிழந்தனர், பலர் வீடிழந்தனர். பாதுகாப்பான சமதரை ஒரு துண்டு கிடைத்தால், அதில் வீடு கட்டுவதா, பந்தாடுவதா? இரண்டில் ஒன்றுதான் என்றால் வீடுதான். அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்ற நிலையை உண்டாக்கியவர் யார்? அரசுக்குச் சொந்தமான தோட்டக் காணிகள் 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறின. அவற்றின் குத்தகை 2045வரை செல்லும். ஆயிரக்கணக்கான ஹெக்டேயர்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டுச் சமதரைக்காக வீடற்றவனையும் விளையாடும் பிள்ளையையும் மோதவிட்டு, மீதி நிலத்தை எவரும் பேசாமல் வைத்திருப்பது ஒரு பழைய தந்திரம். வீட்டுத் திட்டம் வகுக்கும்போதே அதற்குள் ஒரு வெளியையும் வரைபடத்தில் குறித்துவிட்டால் இச்சண்டை எழாது. பின்னர் இடம் தேடினால் கிடைப்பது பள்ளமும் பாறையுமே.

சபைகளுக்கு நாம் கூறக்கூடியது பெரிய திட்டம் எதுவுமில்லை. 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகக் கரப்பந்தாட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய ஆடுகளம் பதினெட்டு மீற்றர் நீளம், ஒன்பது மீற்றர் அகலம். சுற்றிலும் கொஞ்சம் வெளி. மலைச்சரிவில் உதைபந்து மைதானத்துக்கு இடமில்லாத இடத்திலும் இதற்கு இடம் உண்டு. ஹந்தானையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ ஒரு தோட்டத்துக்கு இப்படி ஒரு களம், ஒரு மின்விளக்கு, வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்று ஒதுக்கீடு. பாடசாலைகளின் வெளிகளை மாலை நேரங்களில் ஊருக்குத் திறந்துவிடச் சபையும் கல்வித் திணைக்களமும் ஓர் உடன்படிக்கைக்கு வரலாம். காவலாளியின் மேலதிக நேரச் சம்பளம் என்ற ஒரே செலவுதான் அதற்கு வேண்டும். அதிபர்கள் இதை விரும்பமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும், ஆசிரியர் அறைகளில் இருப்பவர்கள்தாமே நாம். மஹியாவையின் பிள்ளைகளைப் போகம்பறைக்கு அழைத்துவரச் சபையே தன் சொந்தத் தொழிலாளரின் பெயரில் ஓர் அணியைப் பதிவுசெய்யலாம்.

இவற்றுக்குப் பதிலாகத் தேர்தல் அண்மிக்கும்போது துடுப்பு மட்டையும் பந்தும் பகிர்ந்தளித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் எல்லாக் கட்சிகளிடமும் இருக்கிறது. மட்டை ஒரு பருவத்தில் உடைந்துவிடும். பொட்டலில் யார் பெயருக்கு உறுதி எழுதியிருக்கிறது என்பதே பிள்ளைகள் அடுத்த வருடமும் அங்கே ஆடுவார்களா என்பதைத் தீர்மானிக்கும். ஆண்டிறுதியில் பிரதேச சபைகள் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கின்றன. அவ்வேளையிலே நம்மிற் சிலர் தத்தம் சபைக்குப் போய் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: விளையாட்டுக்கென்று ஒதுக்கிய தொகையில் தோட்டப் பிரிவுகளுக்கு எவ்வளவு? அப்பிரிவுகளில் ஒரு துண்டு நிலத்தையாவது விடுவித்துத் தருமாறு கம்பனிக்குச் சபை எழுதிய கடிதம் எங்கே?